ஹாரியின் காது, ட்ராவிஸின் கண்ணாடி

இரண்டு படங்களின் முடிவையும் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவின் 'த கான்வர்சேஷன்' 1974இல் வந்தது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'டாக்ஸி டிரைவர்' 1976இல் வந்தது. இரண்டுமே அந்தந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியவை. முதல் படத்தின் ஹாரி கால், சான் பிரான்சிஸ்கோவில் கூலிக்கு ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து கொடுப்பவன். இரண்டாவது படத்தின் ட்ராவிஸ் பிக்கிள், தூக்கம் வராமல் நியூயார்க்கில் இரவு டாக்ஸி ஓட்டுபவன். இருவருக்கும் நண்பர்கள் இல்லை, வீடு என்று சொல்ல ஓர் அறைதான் உண்டு, பிடித்த ஒன்றை விடத் தெரியாது. 'தனிமையைப் பற்றிய படங்கள்' என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கப்போலா நம் காதைப் பிடித்து உள்ளே இழுக்கிறார், ஸ்கார்செஸி கண்ணைப் பிடிக்கிறார். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

'கான்வர்சேஷன்' தொடங்கும் இடம் யூனியன் ஸ்கொயர். மதிய உணவு நேரம், கூட்டம். உயரத்திலிருந்து கேமரா மிக மெதுவாக ஜூம் ஆகிக்கொண்டே வருகிறது. யாரைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. வழிப்போக்கர்களைப் போல நடித்துக் காட்டும் ஒரு ஊமைக்கூத்துக் கலைஞன் ஒரு ஆளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறான். கசங்கிய மழைக்கோட்டு போட்ட அந்த ஆள்தான் ஹாரி. இதற்கிடையே ஒலியில் அவ்வப்போது ஒரு கரகரப்பு, பேச்சு உடைந்து நொறுங்குவது போல. முதல் தடவை பார்ப்பவர்கள் தங்கள் டிவியில்தான் கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தேடுவார்கள். தேட வேண்டாம், அது ஹாரியின் மைக் திணறுவது. நாம் கேட்டுக்கொண்டிருப்பது சதுக்கத்தின் ஒலியை அல்ல, கருவிகள் பிடித்த ஒலியை.

குறி வைக்கப்பட்டவர்கள் ஓர் இளம் ஜோடி, மார்க்கும் ஆனும். நடந்துகொண்டே பேசுகிறார்கள், ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் ஒரு மைக் போதாது. ஒருவன் மாடியில் நின்று, தொலைநோக்கி பொருத்திய நீளக் குழல் மைக்கால் குறிபார்க்கிறான். துப்பாக்கி என்றே முதலில் தோன்றும், கப்போலாவும் அப்படித் தோன்றத்தான் வைத்திருக்கிறார். இன்னொருவன் வேறொரு கட்டடத்திலிருந்து. மூன்றாமவன் கையில் பையோடு கூட்டத்துக்குள் அவர்களை ஒட்டியே நடக்கிறான். ஒருவன் தவறவிட்டதை இன்னொருவன் பிடிப்பான் என்பது கணக்கு.

குழல் மைக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் திறக்கும். குழலின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு துளை வழியாகவும் வெவ்வேறு நேரத்தில் நுழைந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். நேர் முன்னாலிருந்து வருவது ஒன்றாகச் சேர்ந்து வந்து சேரும். ஆனால் கனத்த, கீழ்ஸ்தாயி ஒலிகளின் அலைநீளம் குழலைவிடப் பெரிது, அவை அழியாமல் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே வந்துவிடும். சதுக்கத்தில் வாசிக்கும் தெருப் பாடகர்களின் தாளம் விடாமல் பதிவுக்குள் புகுவதற்கு இது ஒரு காரணம். குறி கொஞ்சம் விலகினால், குறுக்கே ஒருவர் போனால், பேச்சு மங்கிவிடும்.

பிறகு ஹாரியின் பட்டறை. ஒரு பழைய கிடங்கின் காலி மாடியில், மூலையில் கம்பிவலை அடித்த கூண்டு. மூன்று டேப்புகளையும் மூன்று ரெக்கார்டர்களில் மாட்டி ஒன்றாக ஓடவிடுகிறான். மூன்றிலும் பொதுவாகக் கேட்கும் ஏதாவது ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டுதான் இதைப் பொருத்த முடியும், தாளம் போன்ற கூர்மையான ஒலி என்றால் சுலபம். ஒரு டேப் இம்மியளவு பின்தங்கினாலும் எதிரொலி போலக் கேட்கும், அதைக் கையால் தள்ளித் திருத்த வேண்டும். பொருந்தியதும் எந்த நொடியில் எந்தப் பதிவு தெளிவோ அதை ஏற்றி, மற்ற இரண்டையும் இறக்கி, நான்காவதாக ஒரு டேப்பில் கலந்து எடுக்க வேண்டும். படம் இந்த வேலையை அவசரப்படாமல் காட்டுகிறது. மனிதர்களோடு பேசும்போது தடுமாறும், ஹாரியாக நடித்த ஜீன் ஹேக்மனின் கைகள் இங்கே ஒரு தடவை கூடத் தடுமாறுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் படம் தொழில்நுட்பத்தை மீறுகிறது. தாளத்துக்கு அடியில் அமுங்கிப்போன ஒரு வாக்கியத்தை ஹாரி தான் செய்த கருவியைச் செருகி வெளியே எடுக்கிறான். அன்றைய ஃபில்டர்களால் அந்த அளவு சுத்தமாக எடுத்திருக்க முடியாது. தாளத்தின் ஓசையும் மனிதக் குரலும் பல இடங்களில் ஒரே அலைவரிசையில் படுத்திருப்பவை, ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து வெட்டுப்படும். ஆனாலும் இந்த மீறல் படத்துக்கு அவசியம். அந்த வாக்கியம் வெளியே வந்தால்தான் ஹாரி மாட்டிக்கொள்வான்.

'ஹீ'ட் கில் அஸ் இஃப் ஹீ காட் த சான்ஸ்.' வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான். ஹாரியின் காதில் விழுவது 'கில்' என்ற சொல்லின் மேல் ஏறிய பயம். இந்த ஜோடியை யாரோ கொல்லப் போகிறார்கள் என்று முடிவு கட்டுகிறான். முன்பொரு முறை நியூயார்க்கில் அவன் செய்துகொடுத்த ஒரு பதிவால் மூன்று பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பாரம் அவன் காதில் உட்கார்ந்திருக்கிறது. படத்தின் இறுதியில், கொலையே முடிந்த பிறகு, அதே வாக்கியம் மறுபடி வருகிறது. இப்போது அழுத்தம் 'அஸ்' மேல். செத்தது அந்த ஜோடி அல்ல, பதிவுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் தலைவர். திட்டம் போட்டவர்கள் அந்த ஜோடி.

சப்டைட்டிலோடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டு தடவையும் அதே எழுத்துகள்தான் ஓடும், திருப்பம் எழுத்தில் இல்லை. தமிழில் இந்த வேலையைக் குரலுக்கு விடாமல் சொல்லிலேயே செய்துவிடுவோம். 'சான்ஸ் கிடைச்சா நம்மளக் கொன்னுருவான்' என்றால் பயம். 'சான்ஸ் கிடைச்சா நம்மளயே கொன்னுருவான்' என்றால், அதற்கு முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு. ஓர் ஏகாரம் போதும். ஆங்கிலத்தில் அந்த ஏகாரம் குரலில் மட்டும் இருக்கிறது, அதனால்தான் கப்போலாவால் அதை ஒளித்து வைக்க முடிந்தது. இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், முடிந்தால் ஹெட்போனில்.

இது எப்படி நடந்தது என்பது சினிமா ஒலியின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம். ஒலியையும் எடிட்டிங்கையும் கவனித்தவர் வால்டர் மர்ச். கப்போலா 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டதால் படத்தைக் கட்டி முடிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி மர்ச்சின் தலையில் விழுந்தது. சதுக்கத்தில் எடுத்த ஒலி போதாமல் போய்விடுமோ என்று, நடிகர்கள் ஃப்ரெடெரிக் ஃபாரஸ்டையும் சிண்டி வில்லியம்ஸையும் ஓர் அமைதியான பூங்காவுக்குக் கூட்டிப்போய் அதே பேச்சை மறுபடி பேசவைத்துப் பதிவு செய்தார். அதில் ஒரு தடவை ஃபாரஸ்ட் அழுத்தத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். தவறான வாசிப்பு என்று ஒதுக்கி வைத்ததை, இறுதி மிக்ஸிங்கில் மர்ச் எடுத்துப் படத்தின் கடைசிப் பகுதியில் போட்டார்.

இது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. டேப் ஒன்று, அதில் எப்படி இரண்டு வாசிப்பு இருக்க முடியும்? படம் முழுக்க நாம் டேப்பைக் கேட்கவில்லை, ஹாரி கேட்டதைக் கேட்டோம் என்பதே என் பதில். கேமரா பல இடங்களில் ஹாரியை வெளியே நின்று பார்க்கிறது, ஒலி மட்டும் அவன் காதைவிட்டு நகர்வதே இல்லை. அவன் தவறாகக் கேட்டால் நாமும் தவறாகக் கேட்போம். இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்கார்செஸியிடம் வருவோம். 'டாக்ஸி டிரைவர்' நீராவிக்குள்ளிருந்து வெளியே வரும் ஒரு மஞ்சள் டாக்ஸியில் தொடங்குகிறது, அடுத்தது ட்ராவிஸின் கண்கள். நனைந்த கண்ணாடி வழியே நகரம் கரைந்து வழிகிறது. ட்ராவிஸ் பார்ப்பதாக வரும் ஷாட்டுகள் பல நேரம் லேசான ஸ்லோமோஷனில் இருக்கும். கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமுக்கு மேல் ஓடவிட்டு எடுத்து, 24இல் திரையிட்டால் அசைவு மெதுவாகும். இங்கே அதைக் கொஞ்சமாகத்தான் செய்திருக்கிறார்கள். சட்டென்று ஸ்லோமோஷன் என்று தெரியாது, தெருவில் நடக்கும் சாதாரண ஆட்கள் ஏனோ அச்சமூட்டுவது போல இருப்பார்கள். அதை அளவு மீறிச் செய்திருந்தால் அலங்காரமாகப் போயிருக்கும். ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மன், படம் பிடித்தது 1975 கோடை. நியூயார்க் நகராட்சி கையில் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது.

ஹாரியைப் போலவே நாமும் ட்ராவிஸின் புலனுக்குள் அடைக்கப்படுகிறோம், ஆனால் ஸ்கார்செஸி நமக்கு இடையிடையே கதவைத் திறந்து விடுகிறார். ட்ராவிஸின் மனம் பறிகொடுத்த பெட்ஸி, தான் வேலை செய்யும் தேர்தல் பிரசார அலுவலகத்துக்குள் சக ஊழியரோடு சிரித்துப் பேசும் காட்சியின் உள்ளே ட்ராவிஸ் இல்லை. சிறுமி ஐரிஸை, அவளைப் பாலியல் தொழிலில் வைத்திருக்கும் தரகன் ஸ்போர்ட் அணைத்து ஆடியபடி பசப்பும் காட்சியிலும் இல்லை. இரண்டாவது முக்கியமானது. ட்ராவிஸின் கற்பனையில் ஐரிஸ் மீட்புக்காகக் காத்திருக்கிறாள். அந்த ஆட்டத்தில் நாம் பார்ப்பது, அவளைப் பிடித்து வைத்திருப்பது சங்கிலி அல்ல, அன்பு போல வேடம் போட்ட பேச்சு என்பதை. அது ட்ராவிஸுக்குக் கடைசிவரை தெரியாது. நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவனிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறோம்.

இரண்டு இயக்குநர்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு ஷாட் போதும். பெட்ஸியை இரண்டாவது சந்திப்பிலேயே ஆபாசப் படத்துக்குக் கூட்டிப்போய் அவள் எழுந்து போன பிறகு, ட்ராவிஸ் ஒரு கட்டடத்தின் நடையில் உள்ள பொதுத் தொலைபேசியில் அவளிடம் கெஞ்சுகிறான். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கேமரா மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து, அவனை விட்டுவிட்டு, தெருவரை நீளும் காலி நடையைப் பார்த்து நிற்கிறது. குரல் மட்டும் தொடர்கிறது. பார்க்கச் சகிக்காமல் ஒரு மனிதன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போன்ற நகர்வு.

ஹாரியின் வீட்டிலும் கேமரா அவனைத் தவறவிடுகிறது. அவன் போன் பேசியபடி ஃபிரேமைவிட்டு வெளியே போகிறான், கேமரா அசையாமல் காலி அறையைப் பார்க்கிறது, சற்றுத் தாமதமாக அந்தப் பக்கம் திரும்புகிறது. கூச்சமோ இரக்கமோ அதில் இல்லை, காவலுக்கு மாட்டிய இயந்திரம் திரும்புவது போலத் திரும்புகிறது. வெறும் நகர்வைச் சொன்னால் இரண்டும் ஒன்றே: ஆள் ஃபிரேமில் இல்லை, காலி இடம் தெரிகிறது. ஸ்கார்செஸியின் கேமராவுக்கு மனம் இருக்கிறது, கப்போலாவின் கேமரா வேவு பார்க்கிறது. இந்த இரண்டு ஷாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடி முன் நின்று 'என்கிட்டயா பேசுற?' என்று கேட்கும் காட்சியைத் துண்டாக வெட்டிப் பரப்பியதால் அதற்கு நடந்த கேடு பெரிது. வீரமாகப் பார்க்கிறார்கள். திரைக்கதையில் ட்ராவிஸ் கண்ணாடியில் தன்னோடு பேசுகிறான் என்றுதான் இருந்தது, வசனத்தை ட்ராவிஸாக நடித்த ராபர்ட் டி நீரோ அங்கேயே உருவாக்கினார். அதற்கு அடுத்து வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இனிமேல் பொறுக்க மாட்டேன் என்று ஒரு பிரகடனத்தைத் தொடங்குகிறான், நடுவில் தடுக்கி, முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறான். எடிட்டிங் அந்தத் தடுக்கலை மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறது. சட்டைக் கைக்குள்ளிருந்து துப்பாக்கி வழுக்கி வர, மேசை இழுப்பறையின் உலோகத் தண்டவாளத்தை அறுத்துக் கையில் கட்டியிருக்கிறான். பட்டறையில் ஹாரிக்கு இருக்கும் அதே பொறுமை, அதே கைத்திறன். பேச எதிரே ஆள் இல்லை என்பதுதான் காட்சியின் விஷயம்.

இசையில் ஒரு விசித்திரமான ஒற்றுமை: இரண்டு படத்திலும் சாக்ஸபோன். ஹாரி மாலையில் ஜாஸ் ரெக்கார்டைப் போட்டுவிட்டு, அதோடு சேர்ந்து தனியாக வாசிக்கிறான், முடிந்ததும் ரெக்கார்டில் இருக்கும் கூட்டம் கைதட்டுகிறது. இதற்காக ஹேக்மன் சாக்ஸபோன் கற்றுக்கொண்டார். பின்னணி இசையோ டேவிட் ஷயரின் ஒற்றைப் பியானோ. படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட்டது, ஒரே வட்டத்தில் சுற்றும் மெட்டு. ட்ராவிஸ் எதுவும் வாசிப்பதில்லை. அவனுக்காக பெர்னார்ட் ஹெர்மனின் சாக்ஸபோன் காதல் மெட்டொன்றை ஊதுகிறது, அதன் கீழே பித்தளை வாத்தியங்களும் முரசும் உறுமுகின்றன. ஹெர்மன் 1975 டிசம்பரில் இந்த இசையைப் பதிவு செய்து முடித்த சில மணி நேரத்தில் காலமானார், படம் அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

ட்ராவிஸுக்கு நாட்குறிப்பு உண்டு. பால் ஷ்ரேடரின் திரைக்கதை, பிரெஞ்சு இயக்குநர் ராபர் பிரெஸ்ஸோனின் படங்களிலிருந்து இந்த உத்தியை எடுத்துக்கொண்டது. அவன் எழுதுவதற்கும் நாம் பார்ப்பதற்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்கும். பெற்றோருக்கு எழுதும் அட்டையில், அரசாங்கத்துக்கு ரகசிய வேலை செய்வதாகவும் பெட்ஸியோடு பழகி வருவதாகவும் புளுகுகிறான். ஹாரி எதையும் எழுதுவதில்லை. பாவமன்னிப்புக் கூண்டில் மட்டும் வாய் திறக்கிறான், அங்கேயும் பத்திரிகைக்குக் காசு போடாமல் எடுத்தது போன்ற சின்னப் பாவங்களில்தான் ஆரம்பிக்கிறான். அவன் பெயரிலேயே ஒரு தற்செயல் இருக்கிறது. கப்போலா நினைத்தது தொலைபேசி 'கால்'. சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர், அதே உச்சரிப்பில், குழந்தையின் தலையை மூடி வரும் பனிக்குடச் சவ்வைக் குறிக்கும் சொல்லை அடித்துவிட்டார். கப்போலா அதையே வைத்துக்கொண்டார். வெயிலிலும் அவன் கழற்றாத அந்த ஊடுருவித் தெரியும் மழைக்கோட்டைப் பார்த்தால், பிழையைத் திருத்தாததற்காக நன்றி சொல்லத் தோன்றும்.

வன்முறையை இருவரும் காட்டும் விதத்தில் நான் கப்போலா பக்கம். ஜாக் டார் ஹோட்டலில் 773ஆம் எண் அறைக்கு அடுத்த அறையில், சுவரில் மைக் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் ஹாரி. கொலை பெரும்பாலும் காதால்தான் நடக்கிறது. அவன் செய்யும் காரியம் என்ன? ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, டிவியைச் சத்தமாக வைத்து, போர்வைக்குள் சுருண்டுகொள்கிறான். பிறகு அந்த அறைக்குள் போனால் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிடுகிறான், உள்ளே போனது மேலே வருகிறது, ரத்தமாகத் தரையில் வழிகிறது. ஸ்கார்செஸி எதிர்த்திசையில் போகிறார். ட்ராவிஸ் மாடிப்படி ஏறிச் சுட்டுத் தள்ளுவதை விடாமல் காட்டி, முடிந்ததும் கேமராவை உச்சியில் வைத்து அறை, நடை, படி என்று எல்லாவற்றின் மேலும் ஊர்கிறார். இடிக்கப்பட இருந்த நிஜக் கட்டடத்தின் கூரையை அறுத்து எடுத்த ஷாட் அது. கடுமையான தணிக்கைச் சான்றிதழைத் தவிர்ப்பதற்காக அந்தப் பகுதியின் நிறங்களை வெளிறவைத்தார்கள். ரத்தம் பழுப்பாகிப் பழைய செய்திப் புகைப்படம் போல ஆனது. எனக்கு அது சமரசமாகத் தெரியவில்லை, காட்சி இன்னும் அருவருப்பாகத்தான் ஆகியிருக்கிறது.

ஹாரி எதில் கெட்டிக்காரனோ அதிலேயே அடிபடுகிறான். போன் அடிக்கிறது. 'நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்' என்ற எச்சரிக்கையோடு, சற்று முன் அவன் வாசித்த சாக்ஸபோன் அவனுக்கே திருப்பிப் போட்டுக் காட்டப்படுகிறது. ஒட்டுக்கருவியைத் தேடிச் சுவர்த்தாளைக் கிழிக்கிறான், தரைப்பலகைகளைப் பெயர்க்கிறான், தயங்கித் தயங்கி மாதா சிலையையும் உடைக்கிறான். கிடைக்கவில்லை. சாக்ஸபோனுக்குள் இருந்ததா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை, படம் பதில் சொல்லவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து மறுபடி வாசிக்கிறான். மேலிருந்து கேமரா இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

ட்ராவிஸுக்கு நடப்பது நேரெதிர். அவன் முதலில் சுடப் போனது தேர்தல் வேட்பாளரை. பாதுகாவலர்கள் கண்ணில் பட்டு ஓடிவந்த பிறகுதான் ஐரிஸ் இருக்கும் இடத்துக்குப் போகிறான். முதல் முயற்சி பலித்திருந்தால் கொலைகாரன், இரண்டாவது பலித்ததால் பத்திரிகைகளில் வீரன். சுவரில் செய்தி நறுக்குகள், ஐரிஸின் பெற்றோர் எழுதிய நன்றிக் கடிதம். பெட்ஸியே அவன் டாக்ஸியில் ஏறுகிறாள், காசு வாங்காமல் இறக்கிவிடுகிறான். இதெல்லாம் சாகும் தறுவாயில் அவன் காணும் கனவு என்று வாதிடுபவர்கள் பலர். அந்த விளக்கம் படத்தை எளிதாக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். ஊர் உண்மையிலேயே அவனைக் கொண்டாடுகிறது என்று எடுத்துக்கொண்டால்தான் வயிறு கலங்கும்.

அதற்குப் பிறகும் ஒரு நொடி மிச்சம் இருக்கிறது. பெட்ஸியை விட்டுவிட்டு வண்டி நகர்கிறது. ரியர்வியூ கண்ணாடியில் ட்ராவிஸ் எதையோ பார்த்துவிட்டு, சட்டென்று கையை நீட்டிக் கண்ணாடியைத் திருப்புகிறான். அந்தக் கணத்தில் ஒரு சின்ன ஒலி உறிஞ்சுவது போல வந்து அறுந்து நிற்கும். மணி போல ஒலிக்கும் வாத்தியத்தின் ஒரு ஸ்வரத்தைப் பதிவு செய்து, டேப்பைத் தலைகீழாக ஓடவிட்டது அது, ஹெர்மன் சொன்ன யோசனை. மணியடித்தால் முதலில் அடி விழும், பிறகு நாதம் தேயும். தலைகீழாக ஓடும்போது தேய்ந்த நாதம் முதலில் வந்து வளர்ந்து அடியில் போய் முடிகிறது. டிவி ஸ்பீக்கரில் பெரும்பாலும் நழுவிப் போய்விடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவன் கை கண்ணாடிக்குப் போகும்போது கேளுங்கள்.